ஃபிசியோவா, ஓ.டி.யா? மதுரைப் பக்கத்திலிருந்து யோசிப்பவர்களுக்கு

எம்.பி.பி.எஸ். கிடைக்காது என்று தெரிந்த பிறகு நம் பக்கத்து வீடுகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும். நர்சிங், ஃபார்மசி, ஃபிசியோதெரபி, லேப் டெக்னீஷியன். கடைசியில் யாராவது ஒருவர், "பி.ஓ.டி.ன்னு ஒண்ணு இருக்காம்ல" என்பார். பி.ஓ.டி. என்பது ஆக்குபேஷனல் தெரபி (சுருக்கமாக ஓ.டி.) பட்டப்படிப்பு; நோயாலோ குறைபாட்டாலோ அன்றாட வேலைகளைச் செய்ய முடியாதவர்களை அவற்றைச் செய்யப் பழக்கும் தொழில் அது. வீட்டில் யாரும் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்டைப் பார்த்ததில்லை என்பதால் பேச்சு அதற்கு மேல் நகராது. நான் மதுரையில் ஓ.டி.யாக வேலை செய்கிறேன். குழந்தைகளையும் பக்கவாதம் வந்த பெரியவர்களையும் பார்க்கிறேன். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் அவர்கள் பெற்றோரும் என்னிடம் கேட்பது இரண்டுதான்: ஃபிசியோ எடுப்பதா, ஓ.டி. எடுப்பதா? ஓ.டி. என்றால் எங்கே போய்ப் படிப்பது? இரண்டுக்கும் எனக்குத் தெளிவான பதில் உண்டு. நான் ஓ.டி. பக்கம் சாய்ந்தவள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் வேலை என்னவென்று பார்ப்போம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பூக்கட்டிப் பிழைக்கும் ஐம்பது வயது அம்மா ஒருவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஃபிசியோதெரபிஸ்ட் அவரை உட்கார வைப்பார், நிற்க வைப்பார், நடக்க வைப்பார். தோள் மூட்டு இறங்காமல் பார்ப்பார், விறைப்பைக் குறைப்பார், சமநிலையைத் திரும்பக் கொண்டுவருவார். இது இல்லாமல் வேறெதுவும் நடக்காது. ஓ.டி. கேட்கும் கேள்வி வேறு. காலையில் எழுந்ததும் இந்த அம்மா என்னென்ன செய்தாக வேண்டும்? கழிப்பறை இந்திய முறையா? தண்ணீர் எடுத்து ஊற்றிக் குளிக்க முடிகிறதா? ஒரு கையால் சேலை கட்டுவது எப்படி? சோற்றைப் பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோக எந்த விரல் ஒத்துழைக்கவில்லை? அப்புறம் அவருடைய பிழைப்பு. பூக்கட்டும்போது இடது கை மொட்டுகளை அடுக்கிப் பிடிக்கிறது. வலது கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் நாரைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, இறுக்குகின்றன. கண் அடுத்த மொட்டைத் தேடுகிறது. இதை ஒவ்வொரு அசைவாகப் பிரித்து, எது போய்விட்டது, எது மிச்சம் இருக்கிறது என்று எழுதுவதற்கு எங்கள் படிப்பில் செயல் பகுப்பாய்வு என்று பெயர். மல்லி மொட்டில் தொடங்க மாட்டோம். பெரிய செவ்வந்தியில் தொடங்குவோம், மெல்லிய நாருக்குப் பதில் தடித்த நூல் கொடுப்போம். கை தேறத் தேற மொட்டு சிறிதாகும், நூல் மெலியும். கை அதற்கு மேல் தேறாது என்று தெரிந்தால், நூலை ஒரு கொக்கியில் மாட்டி ஒற்றைக் கையால் கட்ட வழி இருக்கிறதா என்று தேடுவோம்.

இந்த அம்மாவின் கதையில் எந்தப் பகுதி உங்களை இழுத்தது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். தசை, மூட்டு, நடை, வலி, விளையாட்டுக் காயம் என்று உடம்பின் இயக்கம் பிடிக்கிறதா? கூச்சப்படாமல் ஃபிசியோ எடுங்கள், அருமையான படிப்பு. ஒரு மனிதரின் நாள் முழுவதும், அவர் வீட்டுப் படிக்கட்டு, அடுப்படி, மாமியார், பிழைப்பு எல்லாம் சேர்த்து யோசிக்கப் பிடிக்கிறதா? அப்படியானால் ஓ.டி. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். சின்ன மருத்துவமனைகளில் ஒருவர் வேலையை மற்றவர் பார்ப்பது நடக்கிறது, அதனால்தான் இந்தப் பேச்சே வருகிறது.

கையையும் கருவியையும் ஒன்றுக்கொன்று பொருத்துவது மதுரைக்குப் புதிதே இல்லை. 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமிக்கு இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களால் அறுவைக் கத்தியைப் பிடிக்கத் தன்னைப் பழக்கிக்கொண்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை செய்தார். கையை மட்டும் பார்த்தவர்கள் அவரை வேறு வேலைக்குப் போகச் சொல்லியிருப்பார்கள். பிடிப்பை மாற்றலாம், கருவியை மாற்றலாம், வேலையை விட வேண்டியதில்லை என்கிற அந்தப் பிடிவாதம்தான் ஒரு ஓ.டி.க்கு வேண்டும்.

படிப்பு என்று பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் முதல் வருடத்தில் அதிகம் தெரியாது. உடற்கூறியல், உடலியங்கியல் இரண்டிலும் உண்டு. இரண்டும் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக நாலரை வருடம், அதாவது நான்கு வருடப் படிப்பும் ஆறு மாத இன்டர்ன்ஷிப்பும் என்று நடந்துவந்தவை. 2021-ல் வந்த தேசிய சட்டத்தின் கீழ் இரண்டு தொழிலும் ஒரே ஆணையத்துக்குள் வந்திருக்கின்றன. சேர்க்கை விதியும் கால அளவும் மாறிவரும் காலம் இது என்பதால், அண்ணன் அக்கா சொன்னதை நம்பாமல் நீங்கள் சேரும் வருடத்தின் விளக்கக் குறிப்பேட்டை முழுதாகப் படித்துவிடுங்கள். மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்தும் துணை மருத்துவக் கவுன்சிலிங்கில் இரண்டும் ஒரே பட்டியலில்தான் வரும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் (சி.எம்.சி.) தனியாகச் சேர்க்கை நடத்துகின்றன, அவற்றின் தேதியைத் தனியே குறித்து வையுங்கள்.

வேலைவாய்ப்பில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். உசிலம்பட்டியிலோ மேலூரிலோ படித்து முடித்த அடுத்த மாதமே போர்டு மாட்டி உட்கார வேண்டும் என்றால் ஃபிசியோதான் சரி. முழங்கால் வலி, இடுப்பு வலி, கழுத்து வலி இல்லாத தெரு கிடையாது, மக்களுக்கும் ஃபிசியோ என்றால் என்னவென்று தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடிப் போவதும் ஃபிசியோதெரபிஸ்ட்தான். மாற்றுத்திறன் மாணவர்களுக்காக வட்டார வள மையங்களில் இருப்பதும் பெரும்பாலும் அவர்களே. அரசுப் பணியிடம் என்று எண்ணினால் ஓ.டி. பின்தங்கித்தான் இருக்கிறது.

ஓ.டி.க்கு ஆள் தேடி அலைவது குழந்தைகள் பக்கம். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்தது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. குழந்தை மருத்துவர்களும் பள்ளிகளும் இப்போது சீக்கிரமே கண்டுபிடித்து அனுப்புகிறார்கள். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள், அரசின் விழுதுகள் மையங்கள், நகரில் பெருகிவரும் தனியார் தெரபி சென்டர்கள், தென்காசி ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம் போன்ற அமைப்புகள் என்று வேலைக்கான இடங்கள் கூடிக்கொண்டே போகின்றன. முதல் சம்பளம் இரண்டு படிப்பிலுமே குறைவுதான். அதில் ஏமாற்றம் வேண்டாம். ஆனால் மூன்று, நான்கு வருட அனுபவமுள்ள குழந்தைகள் ஓ.டி.க்கு இந்த ஊரில் வேலை தேடும் சிரமம் குறைவு.

இங்கே ஒரு எச்சரிக்கை. படித்து முடித்த உடனேயே, மேலே கேட்க ஒரு சீனியர்கூட இல்லாத சென்டரில் சேர்ந்து, நாள் முழுக்க ஒரு குழந்தைக்கு முக்கால் மணி நேரம் என்று வரிசையாகப் பார்த்து, ஊஞ்சலும் பந்தும் மட்டுமே ஓ.டி. என்று நம்பிவிடும் இளையவர்களைப் பார்க்கிறேன். வருத்தமாக இருக்கிறது. பெற்றோர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறார்கள். அந்தக் குழந்தை தானாகச் சட்டை மாட்டுகிறதா, பள்ளியில் பையைத் திறந்து டிபன் பாக்ஸை எடுத்துச் சாப்பிடுகிறதா என்று கேட்காத தெரபி அவர்களுக்கு எதற்கு? எங்கே படிப்பது என்ற கேள்வி முக்கியமாவது இதனால்தான்.

ஃபிசியோ கல்லூரி மதுரையிலேயே உண்டு, வீட்டுச் சாப்பாட்டோடு படிக்கலாம். இந்த வசதியைக் குறைத்துப் பேச மாட்டேன். ஹாஸ்டல் செலவு மிச்சம், பெரியாஸ்பத்திரி பக்கத்தில், தம்பி தங்கைகளையும் பார்த்துக்கொள்ளலாம். பி.ஓ.டி. என்று முடிவெடுத்தால் மூட்டையைக் கட்ட வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் போவது கோயம்புத்தூர், சென்னை, வேலூர்.

கோயம்புத்தூர் பக்கம். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் திண்டுக்கல், பழனி வழியாகப் பகலிலேயே போய்ச் சேரலாம், சனி ஞாயிறுக்கு வீட்டுக்கு வந்து போகலாம். அங்கே கே.எம்.சி.எச். குழுமத்தின் ஓ.டி. கல்லூரி டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது, பெரிய மருத்துவமனை கூடவே இருப்பது பலம். வெளியூரே போகாத பிள்ளையை அனுப்பத் தயங்கும் வீட்டுக்கு இதுதான் நடுவழி.

சென்னையில் தெரிவு அதிகம். காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம்., பிறகு சவீதா போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, கட்டணமும் அதற்கேற்ப இருக்கும். முட்டுக்காட்டில் 2005-ல் தொடங்கிய பன்முகக் குறைபாடுடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமும் பி.ஓ.டி. நடத்துகிறது. இதைப் போன்ற தேசிய நிறுவனங்களுக்கு, கட்டாக், கொல்கத்தா உட்பட, பொது நுழைவுத் தேர்வு உண்டு. கட்டணம் தனியார் கல்லூரியைவிட வெகு குறைவு. நம் பள்ளிகளில் இந்தத் தேர்வைப் பற்றி யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்குக் குறை. சென்னையின் பெரிய லாபம் நகரமே. 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், எண்ணற்ற சிறப்புப் பள்ளிகள் என்று எல்லா வகை நோயாளிகளையும் பார்க்க இடமிருக்கிறது. ஊருக்குத் திரும்ப பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் மதுரை. பொங்கல், தீபாவளிக்கு டிக்கெட் எடுப்பதைப் புக்கிங் திறக்கும் அன்றே முடித்துவிட வேண்டும்.

வேலூரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசை. மறுவாழ்வு மருத்துவம் இந்த நாட்டில் வேர்விட்ட இடங்களில் அது முக்கியமானது. தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநார் மாற்று அறுவை செய்தால் விரல் திரும்ப விரியும் என்று டாக்டர் பால் பிராண்ட் சி.எம்.சி.யில் 1940-களின் இறுதியில் காட்டினார். அறுவை செய்த கையைக் கொண்டு அந்த மனிதர் என்ன வேலை செய்து பிழைப்பார் என்ற கேள்வி உடனே வந்தது. தச்சு, நெசவு என்று கைத்தொழில் கற்றுத்தர வேண்டிய அவசியமும் வந்தது. அதே சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழே இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை செய்தார், வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார், வேலூர் பாகாயத்தில் 1966-ல் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். தண்டுவடம் அடிபட்டவர்கள் மாதக்கணக்கில் தங்கி, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது முதல் சமையல் வரை பழகும் இடம் அது. அப்படி ஒரு வளாகத்தில் மாணவராக நடமாடுவதே பாதிப் படிப்பு. இடங்கள் கொஞ்சம், போட்டி கடுமை, கிடைத்தால் யோசிக்காமல் போங்கள். மதுரையிலிருந்து தூரம்தான், பரவாயில்லை.

எந்தக் கல்லூரியானாலும் நான் முதலில் கேட்கச் சொல்வது போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சி, எங்கே என்பதைத்தான். கட்டடத்தின் அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1952-ல் இந்தியா உட்படப் பத்து நாடுகள் சேர்ந்து தொடங்கிய உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கூட்டமைப்பு, குறைந்தது 1,000 மணி நேரம் மேற்பார்வையோடு களப்பயிற்சி வேண்டும் என்கிறது. அந்த மணி நேரமெல்லாம் ஒரே குழந்தைகள் சென்டரில் கழிந்தால் போதாது. நரம்பியல், எலும்பு, கை அறுவை, தீக்காயம், மனநலம், குழந்தைகள் என்று எல்லா வார்டும் பார்த்திருக்க வேண்டும். நம் பகுதிக்கு இது ரொம்ப முக்கியம். சிவகாசிப் பட்டாசு விபத்தில் கை வெந்து வருபவருக்கு ஆரம்ப நாட்களிலேயே ஸ்பிளிண்ட், அதாவது கையைச் சரியான நிலையில் பிடித்துவைக்கும் தகடு, போடாவிட்டால் தோல் இறுகி விரல்கள் மடங்கிவிடும். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மடிந்த ராமநாதபுரம் மாவட்டம் நமக்கு வெகு தொலைவில் இல்லை. மனநல வார்டில் கால் வைக்காமல் இங்கே ஒருவர் ஓ.டி. என்று சொல்லிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மதுரையிலேயே 1992 முதல் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மனநல மறுவாழ்வில் வேலை செய்துவருகிறது. அந்த வேலைக்குப் படித்த கைகள் இன்னும் நிறைய வேண்டும்.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், கல்லூரிக்கு அந்த உலகக் கூட்டமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்கா 2007 முதல் ஓ.டி.க்கு முதுகலை நிலைப் படிப்பைக் கேட்கிறது, வெறும் பி.ஓ.டி. அங்கே போதாது. பிரிட்டனில் இளங்கலையோடு பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். வளைகுடா நாடுகளில் உரிமத் தேர்வு உண்டு. அங்கீகாரத்தை மட்டும் சேரும் முன்பே பார்த்துவிடுங்கள், மற்றதெல்லாம் கடைசி வருடத்தில் யோசித்தால் போதும்.

மாணவ வாழ்க்கையைப் பற்றி ஃபிசியோவோடு ஒப்பிட்டுச் சொன்னால் ஓ.டி.யில் கைவேலை அதிகம். களிமண், நெசவு, தச்சு, கூடை முடைதல் என்று வகுப்பு இருக்கும், "இதுக்கா பிளஸ் டூல பயாலஜி படிச்ச?" என்று வீட்டில் கேட்பார்கள். வார்டில் நோயாளி கையில் அதைக் கொடுக்கும் அன்று விடை கிடைக்கும். ஸ்பிளிண்ட் வகுப்பில் வெந்நீரில் போட்ட பிளாஸ்டிக் தகடு இளகியதும், சூடு பொறுக்கும் அளவு வந்தவுடன், கையில் வைத்து வளைக்க வேண்டும். ஆறி இறுகுவதற்குள் வளைவு சரியாக விழுந்தாக வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் எலும்பு முனையில் அழுத்திப் புண்ணாக்கிவிடும். பல தகடுகள் வீணான பிறகுதான் கை வரும். உளவியலும் மனநல மருத்துவமும் ஃபிசியோவைவிட ஆழமாக வரும், எழுதுவதும் அதிகம். லாக் புக், கேஸ் ப்ரெசென்டேஷன், வைவா எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் வழியில் படித்துவந்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் மூச்சு முட்டும். உடற்கூறியலின் லத்தீன் பெயர்கள் ஆங்கில வழியில் வந்தவர்களுக்கும் புதிதுதான் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். நோயாளியிடம் பேசும்போது மதுரைத் தமிழ் உங்கள் பலம். "என்னம்மா, இன்னைக்கு சோறு நீங்களே பெசஞ்சு சாப்ட்டீங்களா?" என்று கேட்கத் தெரிந்தவரிடம் அந்த அம்மா மனம் விட்டுப் பேசுவார்.

மூன்றாம் வருடப் போஸ்டிங்கில்தான் மனம் சோதிக்கப்படும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் அம்மா, "எப்ப நடப்பான் மேம்?" என்று கேட்பார். இருபது வயதில் அதற்குப் பதில் சொல்ல யாருக்கும் தெரியாது. பொய் நம்பிக்கை கொடுக்காமல், அதே சமயம் அவர் கையை விடாமல், இந்த மாதம் அவன் தானாக உட்கார்ந்து சாப்பிடுவதற்கு வேலை செய்வோம் என்று சொல்லப் பழக வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் இருக்கும் கல்லூரி நல்ல கல்லூரி. ஃபிசியோ மாணவர்களுக்கும் இந்தக் கேள்வி வரும். ஆனால் ஓ.டி.யில் அது தினமும் வரும், வீட்டுக்கும் கூடவே வரும். மனம் சட்டென்று கலங்குபவர்கள் இந்தத் துறைக்கு லாயக்கில்லை என்று நான் நினைக்கவில்லை. கலங்கினால் பேச ஒரு சீனியர் அக்காவாவது அண்ணனாவது இருக்க வேண்டும்.

பணம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஹாஸ்டல் செலவில் அது பெரிய துணை. கட்டணம் கேட்கும்போது முதல் வருடத் தொகையை மட்டும் கேட்காமல், இன்டர்ன்ஷிப் வரை மொத்தம் எவ்வளவு, இன்டர்ன்ஷிப்பில் உதவித்தொகை உண்டா என்று கேளுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு ஃபிசியோ டிபார்ட்மெண்டிலும் ஒரு ஓ.டி. யூனிட்டிலும் அனுமதி கேட்டு ஒவ்வொன்றிலும் அரை நாள் உட்கார்ந்து பாருங்கள். நாங்கள் யாரும் மறுக்க மாட்டோம். பார்த்த பிறகும் இரண்டும் சமமாகப் பிடித்திருந்து, வீட்டை விட்டுப் போக முடியாத சூழ்நிலையும் இருந்தால், மதுரையில் ஃபிசியோ படியுங்கள். அது தோல்வி இல்லை. ஓ.டி.தான் பிடித்திருக்கிறது என்றால், தூரத்துக்காக மட்டும் அதை விட வேண்டாம். கவுன்சிலிங்கில் விருப்ப வரிசை போடும்போது மருத்துவமனையோடு சேர்ந்த பி.ஓ.டி. கல்லூரிகளை முதலில் வையுங்கள், மருத்துவமனை இல்லாதவற்றை அதற்குக் கீழே வையுங்கள், மதுரை ஃபிசியோவை அதற்கும் அடுத்து வையுங்கள். வரிசையை ஒரு தாளில் எழுதி, வீட்டில் எல்லோரும் பார்த்த பிறகு கணினியில் ஏற்றுங்கள்.